பெர்லின்ல எனக்கு மட்டும் லெட்டரே வராத மர்மம்

மாஸ்டர்ஸ் படிக்க பெர்லின் வந்து அட்ரஸ் ரெஜிஸ்டர் பண்ணியாச்சு, அதுக்கப்புறம் 11 இலக்க டாக்ஸ் நம்பர் தபால்ல தானா வரும்னாங்க, மூணு வாரம் ஆகியும் வரல. பேங்க் கார்டும் வரல. பார்ட் டைம் வேலை கொடுத்த இடத்துல அந்த நம்பர் இல்லேன்னா ஆறாவது டாக்ஸ் கிளாஸ்லதான் பிடிப்போம்னுட்டாங்க, பிடித்தம் அதிகமா இருக்குறது அதுலதான்.

பேங்க்ல கேட்டா அனுப்பினது திரும்பி வந்துடுச்சாம். சரி, மாடி நம்பர் போடாததுதான் தப்புன்னு அதை சேர்த்து மறுபடி அனுப்பச் சொன்னேன், அதுவும் திரும்பிடுச்சு. இங்க கட்டிடத்துக்குத்தான் நம்பர், உள்ள இருக்குற ஒவ்வொரு வீட்டுக்கும் தனி நம்பர் பெரும்பாலும் கிடையாது, தபால்காரர் பாக்குறது பெட்டி மேல இருக்குற பேரை மட்டும்தான். உடனே என் பேரை எழுதி ஒட்டினேன். அப்பவும் வரல!

கடைசில பிடிபட்டது இதுதான்: பாஸ்போர்ட்ல சர்நேம் இடத்துல அப்பா பேரு. அதனால லெட்டரெல்லாம் அப்பா பேருக்குத்தான் வருது, நான் ஒட்டினதோ என் பேரு மட்டும். நம்ம ஊர் இனிஷியல் இங்க வந்து இப்படி வேலை காட்டுது.

அப்பா பேரையும் சேர்த்து பெட்டியிலயும் காலிங் பெல்லுலயும் ஒட்டினேன், நாலே நாள்ல கார்டு வந்துடுச்சு. டாக்ஸ் நம்பரை மட்டும் ஆன்லைன்ல மறுபடி கேக்கணும், ஆனா மெயில்ல சொல்ல மாட்டாங்க, அதுவும் தபால்லதான் வரும். அப்பாகிட்ட சொன்னேன், பெர்லின்ல என் பேர்ல வீடாடான்னு ஒரே சிரிப்பு.