அந்தோராவில் பொருள் வாங்கவும் விருந்துண்ணவும்: எல்லையைக் கணக்கில் வைத்துச் செல்வது எப்படி?

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே, பிரனீஸ் மலைத்தொடரின் மடிப்பில் 468 சதுர கிலோமீட்டர் பரப்பில் அடங்கியிருக்கும் அந்தோராவுக்கு விமான நிலையமும் கிடையாது, ரயில் பாதையும் கிடையாது. ஆனாலும் அந்நாட்டின் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு மக்கள் ஆண்டுதோறும் மலைப்பாதையில் ஏறி அங்கே போகிறார்கள். அவர்களில் கணிசமானோர் கடைக்குப் போவதற்காகவே போகிறவர்கள். பொருட்களின் மீதான பொது வரி ஸ்பெயினில் 21 விழுக்காடு, பிரான்சில் 20 விழுக்காடு. அந்தோராவிலோ 2013 முதல் நடப்பில் உள்ள ஐ.ஜி.ஐ. எனும் வரி 4.5 விழுக்காடுதான். இந்த வேறுபாட்டைக் கேட்டவுடன் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடத் தோன்றும். ஆனால் அந்தோராவில் ஒருவருக்குக் கிடைக்கும் ஆதாயம் கடையின் விலைச்சீட்டில் முடிவாவதில்லை, திரும்பும் வழியிலுள்ள சுங்கச் சாவடியில்தான் முடிவாகிறது. ஆகவே எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்பே, எப்படி நுழைவது, எவ்வளவு எடுத்துக்கொண்டு வெளியேறுவது என்ற இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் நுழைவு. அந்தோரா தனியாக விசா கேட்பதில்லை என்பது உண்மையே. இந்த அரை உண்மையை நம்பித்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். ஸ்பெயின் அல்லது பிரான்ஸ் வழியாக அன்றி அந்நாட்டுக்குள் கால்வைக்க முடியாது என்பதால், தம்மிடையே எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகளின் பொதுப் பகுதியான ஷெங்கனுக்குரிய விசா தேவை. அந்தோரா ஷெங்கன் பகுதிக்கு வெளியே இருப்பதால், உள்ளே சென்று திரும்புகிறவர் சட்டப்படி ஷெங்கன் பகுதிக்குள் இரண்டாம் முறை நுழைகிறவர் ஆகிறார். எனவே இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்கள் ஒருமுறை நுழைவுக்கான விசாவோடு போகக் கூடாது. விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழைவு விசாவைக் கேட்டு, பயணத் திட்டத்தில் அந்தோராவைக் குறிப்பிட்டுவிட வேண்டும். எல்லையில் கடவுச்சீட்டைப் பார்க்காமல் விடும் நாட்களும் உண்டு என்று சொல்லித் துணிவூட்டுகிறவர்கள் கிடைப்பார்கள். பார்க்கும் நாளில் அவர்கள் உடன் இருக்கமாட்டார்கள். பிரான்சில் வதிவிட அனுமதி பெற்று வாழும் ஈழத்தமிழர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. செல்லுபடியாகும் அட்டையும் கடவுச்சீட்டும் கையில் இருந்தால் போதும்.

பார்சலோனாவிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். நகரிலிருந்தும் விமான நிலையத்திலிருந்தும் நேரடிப் பேருந்துகள் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக்குறைய ஓடி அந்தோரா லா வெல்யா என்னும் தலைநகரில் இறக்கிவிடுகின்றன. பிரான்சின் துலூஸ் நகரிலிருந்தும் பேருந்து உண்டு. அந்த வழி 2,000 மீட்டருக்கு மேல் உள்ள பாஸ் தெ லா காசா என்ற எல்லை ஊருக்கு ஏறி, பிறகு 2,408 மீட்டர் உயரமுள்ள என்வலிரா கணவாயையோ அதன் அடியில் கட்டணம் செலுத்திச் செல்லும் சுரங்கப்பாதையையோ கடந்து இறங்குகிறது. மலைப்பாதை வளைவுகளில் வயிறு புரட்டுகிறவர்களுக்கு ஸ்பெயின் வழியே உகந்தது. அது வலிரா ஆற்றை ஒட்டிச் சீராக ஏறுகிறது. வாடகைக் காரில் போகிறவர்கள் நவம்பர் 1 முதல் மே 15 வரை பனிக்கால டயர் அல்லது சங்கிலி வைத்திருக்க வேண்டும் என்ற அந்தோரா விதியை வண்டியை எடுக்கும் இடத்திலேயே நினைவுபடுத்திக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

போகும் நாளைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். ஜனவரி 1, மார்ச் 14, செப்டம்பர் 8, டிசம்பர் 25 ஆகிய நான்கு நாட்களில் கடைகள் அடைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்திருக்கும், ஆனால் ஸ்பெயினில் பெரும்பாலான கடைகள் மூடிக்கிடக்கும் அந்த நாளில்தான் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாரும் இங்கே வந்து சேர்கிறார்கள். டிசம்பர் 6, 8 ஆகிய இரண்டு ஸ்பானிய விடுமுறைகளையும் சேர்த்து வரும் நெடுவிடுமுறையில் கார்கள் எல்லையில் ஊர்ந்துதான் செல்லும். ஜனவரியிலும் ஜூலையிலும் தள்ளுபடிக் காலம் தொடங்கும். அப்போது வாரத்தின் நடுவில் ஒரு செவ்வாயோ புதனோ சென்று ஓர் இரவு தங்குவதே என் கணக்கில் மிகச் சிறந்தது. காலையில் வந்து மாலையில் திரும்பும் ஒருநாள் சுற்றுலாவில் கடையும் அரைகுறை, சாப்பாடும் அரைகுறை.

வாங்குவது

தலைநகரின் மெரிச்செல் அவென்யூ அப்படியே நீண்டு, பக்கத்து ஊரான எஸ்கால்தெஸ்-எங்கோர்தான்யில் கார்லெமான்ய் அவென்யூ என்று பெயர் மாறுகிறது. நடுவே ஆற்றுப் பாலத்தருகே, ஓவியர் சால்வதோர் தாலியின் உருகி வழியும் கடிகாரச் சிலை நிற்கிறது. குழுவாகச் செல்பவர்கள் பிரிந்து சுற்றிவிட்டு மீண்டும் கூடுவதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. 1,023 மீட்டர் உயரத்தில் நடக்கிறோம் என்பது வெயில் நாளில்கூடச் சட்டென்று இறங்கும் மாலைக் குளிரில்தான் உறைக்கும். பிரனே எனும் பழைய பல்பொருள் அங்காடியும், எஸ்கால்தெஸில் இலா கார்லெமான்ய் வணிக வளாகமும் இந்தத் தெருவிலேயே இருக்கின்றன. முதல் ஒரு மணி நேரம் எதையும் வாங்காமல் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விலை கேட்டுக்கொண்டே நடப்பது நல்லது. ஒரே வாசனைத் திரவியம் நான்கு கடைகளில் நான்கு விலையில் இருப்பதை அப்போது காணலாம். விலைச்சீட்டில் வரி ஏற்கனவே சேர்ந்திருக்கும். நாணயம் யூரோ.

எது வாங்கத்தக்கது? வாசனைத் திரவியம், மலையேற்றக் காலணி, பனிச்சறுக்கு உடுப்பு, மது ஆகியவற்றில் விலை வேறுபாடு தெளிவாகத் தெரியும். மின்னணுப் பொருட்களில் நான் அவ்வளவு ஆர்வம் காட்டமாட்டேன். வரி குறைந்த அளவுக்கு விலையும் குறைந்திருக்கும் என்று கொள்ளக் கூடாது, மிச்சத்தைக் கடைக்காரர் தம் இலாபத்தில் வைத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே ஊரில் உள்ள விலையைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு போய் ஒப்பிடுவதே முறை. மடிக்கணினியானால் பெட்டியைத் திறந்து விசைப்பலகையைப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்: எல் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் தலையில் அலைக்கோடு போட்ட ஸ்பானிய என் (ñ) எழுத்து உட்கார்ந்திருக்கும், பிரெஞ்சுக்காரர்களுக்கான கடைகளில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ இருக்கும். உத்தரவாதம் இந்தியாவிலோ இலங்கையிலோ செல்லுமா என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும். தங்கம் பற்றிக் கேட்கும் உறவினர்களுக்கு ஒரே பதில்தான்: இங்கே வழக்கில் இருப்பது 18 காரட் நகை, 22 காரட்டைத் தேடி நடந்து கால் வலிப்பதில் பொருளில்லை.

இனி வெளியேறும் கணக்கு. அந்தோரா ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால், ஸ்பெயினுக்கோ பிரான்சுக்கோ திரும்பும் ஒவ்வொருவரும் வரியின்றி எடுத்துச்செல்லும் அளவுக்கு வரம்பு உண்டு. ஆலைப் பொருட்கள் ஒருவருக்கு 900 யூரோ மதிப்பு வரை. உணவு முதலிய வேளாண் பொருட்கள் 300 யூரோ வரை. பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கு இவற்றில் பாதி. சிகரெட் 300, மது 22 பாகைக்கு (ஆல்கஹால் விழுக்காடு) மேற்பட்டதானால் 1.5 லிட்டர் அல்லது அதற்குக் குறைந்ததானால் 3 லிட்டர், அதனோடு சாதாரண ஒயின் 5 லிட்டர். அடர் வாசனைத் திரவியம் 75 கிராமும் இலேசான வாசனை நீர் 375 மில்லிலிட்டரும் கொண்டுபோகலாம். காப்பி 1 கிலோ, பாலாடைக்கட்டி 4 கிலோ. இவற்றில் பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கணவனும் மனைவியுமாகச் சென்றால் 1,800 யூரோ வரை வாங்கலாம் என்பது சரிதான். ஆனால் 1,200 யூரோ விலையுள்ள ஒரே கேமராவை ஆளுக்கு 600 என்று பிரித்துக் காட்ட முடியாது. ஒரு பொருள் ஒருவருடைய கணக்கில்தான் வரும், வரம்பைத் தாண்டினால் அந்தப் பொருளின் முழு மதிப்புக்கும் வரி கட்ட வேண்டும். கடையில் கிடைத்த தள்ளுபடி அத்தனையும் சாவடியில் கரைந்துபோகும் இடம் இதுதான்.

இந்த வரம்புகளை இவ்வளவு கண்டிப்பாகக் காப்பதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. முதுகில் புகையிலை மூட்டையைக் கட்டிக்கொண்டு இரவில் கணவாய்களைக் கடந்த பாக்கெதாயிரெஸ் எனப்படும் சுமைக்காரர்களின் கடத்தல் ஒருகாலத்தில் இந்தப் பள்ளத்தாக்குகளில் அறியப்பட்ட பிழைப்பாகவே இருந்தது. இன்றைக்கும் ஸ்பானிய எல்லைக் காவலர்கள் கார்களின் பின்பெட்டியைத் திறக்கச் சொல்வதும் பேருந்தில் ஏறிப் பைகளைப் பார்ப்பதும் அதன் தொடர்ச்சியே. மரியாதையாகத்தான் நடந்துகொள்வார்கள், ரசீது கேட்பார்கள். ஆகவே ரசீதுகளைப் பெட்டியின் அடியில் துணிகளோடு புதைக்காமல் ஓர் உறையில் போட்டுக் கையருகே வைத்திருக்க வேண்டும்.

விமானத்தில் ஊர் திரும்புகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். அந்தோராவில் வாங்கிய புட்டி, விமான நிலையத் தீர்வையற்ற கடையில் முத்திரையிட்ட பையில் தரும் புட்டி அல்ல. 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்டால் கைப்பையில் அனுமதியில்லை. நான் ஒருமுறை பெட்டியை ஒப்படைத்துவிட்டு, தோள்பையில் இருந்த வாசனை நீரைப் பாதுகாப்புச் சோதனைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தவன். இந்தியாவுக்குள் மது 2 லிட்டர்தான் வரியின்றி வரும் என்பதால், ஐரோப்பிய வரம்பு முழுவதையும் பயன்படுத்த நினைப்பதும் வீண்.

கைப்பேசியைப் பற்றி ஒரு சொல்: ஸ்பெயினிலோ பிரான்சிலோ வாங்கிய சிம்மின் ஐரோப்பிய ரோமிங் சலுகை தானாகவே அந்தோராவுக்குப் பொருந்தாது. எல்லையைத் தாண்டுமுன் தரவை அணைத்துவிட்டு விடுதியின் வைஃபையைப் பயன்படுத்துவது சிக்கனம்.

உண்பது

மெரிச்செல் அவென்யூவில் படம்போட்ட அட்டையோடு வாசலில் நின்று அழைக்கும் உணவகங்களில் பசியாறலாம். ஆனால் அந்தோராவின் சாப்பாடு அங்கே இல்லை. அது போர்தாக்களில் இருக்கிறது. போர்தா என்பது கீழே மாட்டைக் கட்டி மேலே வைக்கோல் அடுக்கிவைத்த பழைய மலைக்கொட்டகை. கனத்த கல் சுவரும் பலகைக்கல் கூரையும் மாறாமல் பலவற்றை உணவகங்களாக்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஊருக்கு வெளியே, ஒர்தினோ, லா மசானா, கனில்யோ பக்கங்களில் இருப்பதால் போக வாடகைக் காரும், வார இறுதியானால் முன்பதிவும் தேவை. மதிய உணவு 1 மணிக்கு முன் கிடைக்காது. இரவு உணவு 8 மணிக்குமேல்தான். மாலை 6 மணிக்கே பசிக்கும் குழந்தைகளோடு செல்பவர்கள் கையில் ஏதேனும் வைத்திருப்பது நல்லது. வேலை நாட்களின் மதியத்தில் பல இடங்களில் மெனு தெல் தியா என்று, முதல் உணவு, இரண்டாம் உணவு, இனிப்பு மூன்றும் சேர்ந்த அன்றைய சாப்பாடு இருக்கும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பெரிய விருந்தை மதியத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

உட்கார்ந்ததும் சில இடங்களில் சுட்ட ரொட்டித் துண்டுகள், முழுப் பூண்டு, பழுத்த தக்காளி, எண்ணெய்க் குப்பி ஆகியவற்றைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இது அலங்காரமல்ல, நாமே செய்துகொள்ள வேண்டிய பா அம்ப் தொமாகெட். முதலில் தோலுரித்த பூண்டைச் சூடான ரொட்டியின் சொரசொரப்பில் தேய்க்க வேண்டும், அது அரம்போல் பூண்டைத் தின்னும். பிறகு தக்காளியைக் குறுக்கே வெட்டி, தோல் மட்டும் கையில் மிஞ்சும்வரை அழுத்தித் தேய்த்து, உப்பும் ஆலிவ் எண்ணெயும் விட வேண்டும். தக்காளியை முதலில் தேய்த்தால் ரொட்டி ஈரமாகிப் பூண்டு வழுக்கும்.

அடுத்து ட்ரின்ஷாட். பனியில் அடிபட்டு இனிப்பேறிய குளிர்கால முட்டைக்கோசையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து மசித்து, பூண்டு தாளித்த பன்றிக்கொழுப்பில் வட்டமாகப் பரப்பி, இரண்டு பக்கமும் கருஞ்சிவப்பாகும்வரை வாணலியில் வறுத்தெடுப்பது. அடிப்பிடித்த அந்த ஓரம்தான் அதன் உயிர். மேலே ஒரு துண்டு உப்புப் பன்றியிறைச்சி வரும். எஸ்குதெல்யா என்பது இறைச்சி வகைகளும் கொண்டைக்கடலையும் காய்களும் சேர்ந்து நெடுநேரம் கொதிக்கும் கெட்டிக் குழம்பு. ஜனவரி 17 அன்று புனித அந்தோணியார் திருநாளில் பெரிய அண்டாக்களில் காய்ச்சித் தெருவிலேயே ஊருக்கெல்லாம் ஊற்றுவார்கள். அந்த நாளில் அங்கே இருக்க நேர்ந்தால் உணவகத்துக்குப் போகவே வேண்டாம். காரம் என்பது இந்தச் சமையலில் இல்லை. பூண்டையும் எண்ணெயையும் கடைந்த அல்யோலியே அதிகபட்சத் துணிச்சல்.

உணவில் விலக்கு உள்ளவர்கள் சில கட்டலான் சொற்களைப் பழகிக்கொள்ள வேண்டும், ஏனெனில் அதுவே அந்தோராவின் ஆட்சிமொழி. உணவுப் பட்டியலும் பல இடங்களில் அதில்தான். வெதெல்யா என்றால் மாட்டிறைச்சி, போர்க் பன்றி, ஷாய் ஆட்டுக்குட்டி, பொல்யாஸ்த்ரெ கோழி. போல்த்ரெ என்று கண்டால் அது குதிரைக்குட்டி. சைவர்கள் சென்செ கார்ன், சென்செ பெய்ஷ், அதாவது இறைச்சியும் மீனும் இல்லாமல், என்று சொன்னால் மட்டும் போதாது. ட்ரின்ஷாட்டை ஆலிவ் எண்ணெயில் வறுத்துத் தர முடியுமா என்று தனியே கேட்க வேண்டும், இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுக் கொழுப்பை அப்படியே விட்டுவிடுவது அவர்களுக்குத் தவறாகத் தோன்றாது. தணலில் சுட்ட கத்திரிக்காயும் குடைமிளகாயும் கொண்ட எஸ்கலிவாதா நம்பகமானது. முட்டை உண்பவர்கள் த்ருய்தா என்ற சொல்லில் ஏமாறக் கூடாது: கட்டலானில் ஆம்லெட்டும் அதுவே, நன்னீர் மீனான டிரவுட்டும் அதுவே. த்ருய்தா தெ ரியு என்றால் ஆற்று மீன்; த்ருய்தா தெ பதாதெஸ் என்றால் உருளைக்கிழங்கு ஆம்லெட். முடிவில் புதுப் பாலாடைக்கட்டி மீது தேன் ஊற்றிய மெல் இ மாத்தோ எல்லாருக்கும் ஏற்றது. ஒயின் அருந்துவோர் சான்ட் ஜூலியா தெ லோரியா பகுதியில், ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சரிவுகளில் விளையும் உள்ளூர் ஒயின் இருக்கிறதா என்று கேட்கலாம். அளவு குறைவு, விலை கூடுதல், வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

திரும்பும் நாளில் விமானம் இருந்தால், பேருந்து பார்சலோனா விமான நிலையத்தை அடையும் நேரத்துக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் விட வேண்டும். ஞாயிறு மாலையானால் அதற்கும் முந்தைய பேருந்தைப் பிடியுங்கள். எல்லைச் சாவடியின் வரிசையில் பேருந்துக்கென்று தனி அவசரம் எதுவும் கிடையாது.