ரஸ்ட்டில் டிரைவர் அப்ஸ்ட்ராக்‌ஷன்: சாதனம் கழன்றபின் யார் தொடுகிறார்கள்?

லினக்ஸ் கெர்னலில் 6.1 பதிப்பிலிருந்து ரஸ்ட் நிரலாக்க மொழிக்கு இடம் உண்டு. சி ஃபங்ஷன்களை ரஸ்ட்டிலிருந்து அழைக்க உதவும் பைண்டிங்குகளைக் கருவியே உருவாக்கித் தந்துவிடும். டிரைவர் எழுதுபவர் அவற்றை நேரடியாகத் தொடக்கூடாது. அன்சேஃப் வரிகள் (கம்பைலரால் பாதுகாப்பைச் சரிபார்க்க முடியாதவை) எல்லாம் சி-க்கும் டிரைவருக்கும் நடுவிலுள்ள அப்ஸ்ட்ராக்‌ஷன் அடுக்குக்குள் அடங்க வேண்டும். அந்த அடுக்கை எழுதத் தொடங்கும் முன் ஒரு பட்டியல் போடுங்கள்: ரிமூவ் (சாதனத்தை டிரைவரிலிருந்து பிரிக்கும் ஃபங்ஷன்) ஓடும்போது அந்தச் சாதனத்தின் ரெஜிஸ்டர், பஃபர் போன்ற வளத்தை யாரெல்லாம் தொட்டுக்கொண்டிருக்கலாம்? திறந்து கிடக்கும் ஃபைல், வொர்க்கியூ (பிறகு செய்ய ஒத்திவைத்த வேலைகளின் வரிசை), டைமர், இன்டரப்ட் ஹேண்ட்லர், சாதனத்தின் டிஎம்ஏ எஞ்சின் (சிபியு இல்லாமலே நினைவகத்தை நேரடியாகத் தொடும் பகுதி). கஷ்டம் எல்லாம் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

ரெஜிஸ்டர் எல்லை சுலபம். ரெஜிஸ்டர்களை நினைவக முகவரிகளாக மேப் செய்த பகுதியின் குறைந்தபட்ச அளவை கான்ஸ்ட் ஜெனரிக்காக (டைப்பின் பகுதியாக வரும் மாறா எண்ணாக) வையுங்கள். 4096 பைட் என்றால் 32 பிட் வாசிப்புக்கான கடைசி ஆஃப்செட் 4092. கான்ஸ்டன்டாக வரும் ஆஃப்செட்டை கம்பைல் நேரத்திலேயே மறித்துவிடலாம். ஓடும்போது மட்டுமே தெரியும் ஆஃப்செட்டுக்கு, ரிசல்ட் திருப்பும் தனி மெத்தட் போதும்.

மேப்பிங்கின் ஆயுள் அப்படியல்ல. அதை ஆர்க்கில் (பலர் பகிர்ந்து வைத்திருக்கும் பாயின்டரில்) வைத்து டிரைவரிடம் கொடுத்துவிட்டால், சாதனம் கழன்றபின்னும் யாரோ ஒருவர் கையில் அது இருக்கும்; அந்த முகவரி அதற்குள் வேறு சாதனத்துக்குப் போயிருக்கலாம். ஆகவே கெர்னலில் உள்ள டெவ்ரெஸ்ஸுக்குள் (சாதனம் கழன்றதும் வளத்தைத் திரும்பப் பெறும் உறை) வையுங்கள். தொடும் ஒவ்வொரு முறையும் கார்டு (தற்காலிக அனுமதி) கேட்க வேண்டும். சாதனம் போய்விட்டால் நன் (None, அதாவது எதுவுமில்லை) வரும். கழற்றும்போது முதலில் ‘இனி தொடக்கூடாது’ என்று கொடி மாறும், உள்ளே இருக்கும் வாசகர்கள் வெளியேறும்வரை ஆர்சியு (கெர்னலில் வாசகர்களைப் பூட்டின்றி அனுமதிக்கும் முறை) காத்திருக்கும், அதன் பிறகே அன்மேப்.

இதில் ஒரு பொறி உண்டு. கார்டு கையில் இருக்கும்வரை நீங்கள் ஆர்சியு வாசிப்புப் பகுதிக்குள் இருக்கிறீர்கள், தூங்கக்கூடாது. ஃபங்ஷனின் தலையில் கார்டை வாங்கிவிட்டு, நடுவில் மியூடெக்ஸ் (காத்திருக்கும்போது தூங்கக்கூடிய பூட்டு) பிடிப்பதை ரஸ்ட் கம்பைலர் கண்டுகொள்ளாது. குளோஷர் (அனுப்பிவைக்கும் சிறு ஃபங்ஷன்) வாங்கும் மெத்தடாக ஏபிஐயை அமைத்தால் கார்டின் எல்லை தானாகச் சுருங்கும். ப்ரோப் (டிரைவர் சாதனத்துடன் இணையும்போது ஓடும் ஃபங்ஷன்) போல சாதனம் பிணைந்திருப்பதை டைப்பே உறுதி செய்யும் இடங்களில் இந்தச் சோதனை தேவையில்லை. அதற்குத் தனி வழி கொடுங்கள்.

டிஎம்ஏ பஃபருக்கு ஸ்லைஸ் ரெஃபரன்ஸ் தரவே தராதீர்கள். சாதனம் எழுதிக்கொண்டிருக்கும் நினைவகத்தை, மாறாதது என்று கம்பைலரிடம் பொய் சொன்னதாகிவிடும். ரா பாயின்டர் வழியாக, வொலட்டைலாக (கம்பைலர் வாசிப்பைத் தவிர்த்துவிடாதபடி), மதிப்பை நகலெடுத்துத் தாருங்கள். டிஸ்கிரிப்டரில் (பஃபரின் விவரக் குறிப்பில்) சாதனம் எழுதும் நீளத்தை ஒருமுறை மட்டும் வாசித்து, 2048 பைட் பஃபரைத் தாண்டுகிறதா என்று பார்த்து, அந்த நகலையே பயன்படுத்துங்கள். இரண்டாவது முறை வாசித்தால் செய்த சோதனை வீண்.

பஃபரைக் கடனாக வாங்கி, டிராப்பில் (மதிப்பு அழியும்போது தானாக ஓடும் ஃபங்ஷனில்) டிஎம்ஏவை நிறுத்தும் வடிவம் பார்க்க அழகாக இருக்கும்; ஆனால் ஓட்டை. டிராப்பை ஓடவிடாமல் மதிப்பைக் கைவிடும் மெம் ஃபர்கெட் ரஸ்ட்டில் பாதுகாப்பான ஃபங்ஷன்தான், எனவே டிராப் ஓடாமலே போகலாம். சாதனமோ விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் எழுதிக்கொண்டிருக்கும். பஃபரின் உரிமையையே வாங்கிக்கொள்ளுங்கள், பரிமாற்றம் முடிந்ததும் திருப்பித் தாருங்கள்.

ஸ்ட்ரக்டின் ஃபீல்டுகள் அறிவித்த வரிசையிலேயே டிராப் ஆகும். பஃபர் மேலே, இன்டரப்ட் பதிவு கீழே என்றிருந்தால் பஃபர் முதலில் விடுவிக்கப்படும். அந்த இடைவெளியில் வரும் இன்டரப்ட், ரா பாயின்டர் வழியாகச் செத்த நினைவகத்தைத் தொடும். இதை டிரைவர் எழுதுபவரின் கவனத்துக்கு விடாமல், ஹேண்ட்லரின் தரவைப் பதிவே சொந்தமாக்கிக்கொள்ளட்டும். அதன் முகவரி சி பக்கம் இருப்பதால் அதை ‘பின்’ (pin) செய்வது, அதாவது இடம் மாறாமல் நிறுத்துவது கட்டாயம். முழு வரிசை: டிஎம்ஏ எஞ்சினை நிறுத்து, இன்டரப்ட்டை விடுவி, பஃபரை விடுவி, கடைசியில் அன்மேப்.

சோதிக்க, ஒரு புரோகிராம் ஃபைலைத் திறந்து தொடர்ந்து வாசிக்கட்டும். அதே நேரம் சிஸ்எஃப்எஸ் (கெர்னல் சாதனங்களை ஃபைல்களாகக் காட்டும் இடம்) வழியாக அன்பைண்டும் பைண்டும் மாறி மாறிச் செய்யுங்கள். கெர்னலின் நினைவகப் பிழை கண்டுபிடிப்பானான கேசான் சிபியு தொடுவதை மட்டுமே பார்க்கும், சாதனம் எழுதுவது அதன் கண்ணில் படாது. அதற்கு ஐஓஎம்எம்யூவை (சாதனங்கள் நினைவகத்தைத் தொடுவதைக் கட்டுப்படுத்தும் வன்பொருள்) ஸ்ட்ரிக்ட் முறையில் வையுங்கள். அன்பைண்டின்போது கெர்னல் லாகில் ஐஓஎம்எம்யூ ஃபால்ட் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது நிறுத்தும் வரிசையை.