கசடு செரித்தால் நச்சும் செரிக்குமா? கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நீர் தெளிவாக வெளியே வருவதைப் பார்த்தால், அழுக்கெல்லாம் அழிந்துவிட்டது என்றே தோன்றும். முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது. தண்ணீரில் எளிதில் கரையாமல் கொழுப்போடு ஒட்டிக்கொள்ளும் சேர்மங்கள் பல உண்டு. பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த பிசிபி, பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் டிஇஎச்பி, கிருமிநாசினி சோப்பில் போட்ட டிரைக்ளோசான் போன்றவற்றில் கணிசமான பங்கு கசடு என்னும் சேற்றோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடுகிறது. நீரில் குறைந்தது உண்மைதான், ஆனால் அந்தப் பங்கு அழியவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

அடுத்த தவறு, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை மட்டும் பார்ப்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். உலர் எடையில் 1000 கிலோ கசடு டைஜெஸ்டருக்குள், அதாவது கசட்டைச் செரிக்க வைக்கும் மூடிய தொட்டிக்குள் போகிறது, அதில் 10 கிராம் நச்சு இருக்கிறது என்று வையுங்கள். கிலோவுக்கு 10 மில்லிகிராம். காற்றில்லாமல், 35 டிகிரி சூட்டில், மூன்று வாரம் போல நுண்ணுயிரிகள் செரித்ததில் 400 கிலோ கசடு வாயுவாகிப் போய்விட்டது. மீதி 600 கிலோ. நச்சு துளியும் சிதையவில்லை என்றால் இப்போது கிலோவுக்கு 16.7 மில்லிகிராம். கால்வாசி சிதைந்திருந்தாலும் 12.5! அறிக்கையில் எண் ஏறியிருக்கும், படிப்பவர் பதறுவார், உண்மையில் நச்சு குறைந்திருக்கும். மட்கு உரமாக்கும்போது இது அப்படியே தலைகீழ். மரத்தூளும் வைக்கோலும் கலந்த அன்றே எண் இறங்கிவிடும், எந்த நுண்ணுயிரியும் எதையும் தின்றிருக்காது. அதனால் உள்ளே போன கிராம் எவ்வளவு, வெளியே வந்த கிராம் எவ்வளவு என்று எடையோடு பெருக்கிப் பாருங்கள்.

பரிசோதனைக் கூடத்திலும் ஒரு சின்ன சறுக்கல் நடப்பதுண்டு. உலர் எடை பார்க்க 105 டிகிரி அடுப்பில் காய வைத்த அதே மாதிரியை நச்சு அளக்கவும் எடுத்துக்கொண்டால், ஆவியாகக்கூடிய சேர்மங்கள் அந்த அடுப்பிலேயே போயிருக்கும். இரண்டுக்கும் தனித்தனி மாதிரி வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைக்கும் தவறு வேறு: தாய்ச் சேர்மத்தை, அதாவது முதலில் இருந்த நச்சைக் காணோம் என்றதும் வேலை முடிந்தது என்று நினைப்பது. சலவைத் தூள்களில் அந்நாளில் நானைல்பீனால் எத்தாக்ஸிலேட் சேர்ப்பார்கள். அதன் மூலக்கூறுக்கு நீண்ட வால் ஒன்று உண்டு. நுண்ணுயிரிகள் அந்த வாலைத் துண்டு துண்டாகக் கடித்துத் தின்றுவிடும். எஞ்சும் தலை நானைல்பீனால். காற்றில்லாத இடத்தில் அதை மேற்கொண்டு சிதைக்க முடியாமல் அப்படியே குவிந்துவிடுகிறது. 1984-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் காற்றில்லாமல் செரித்த கசட்டை அளந்தபோது கிலோவுக்கு 0.45 முதல் 2.53 கிராம் வரை கண்டார்கள். கவனியுங்கள், மில்லிகிராம் இல்லை, கிராம். அதுவோ மீன்களுக்கு நஞ்சு, ஹார்மோன்களையும் குழப்பக்கூடியது. காற்றோட்டத்தில் பதப்படுத்திய கசட்டில் அளவு வெகுவாகக் குறைந்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் இதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது.

காற்று இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான் என்று நினைக்கக்கூடாது என்பதற்கு எல்ஏஎஸ் இன்னொரு சாட்சி. சலவைத் தூளின் இந்த முக்கியப் பொருள் டைஜெஸ்டரில் பெரும்பாலும் அசையாது. காற்றோட்டமுள்ள மண்ணில் போட்டால் சீக்கிரமே சிதைந்துவிடும்.

சரி, சூட்டில் கசட்டின் கிருமி போய்விட்டதே, வயலில் போடலாம் இல்லையா என்பார்கள். அமெரிக்காவின் 1993-ஆம் ஆண்டுக் கசடு விதிகள் கிருமிகளுக்கும் உலோகங்களுக்கும் வரம்பு வைத்தன, கரிம நச்சுகளுக்கு வைக்கவில்லை. கிருமியைக் கொல்லும் சூடு பிஎஃப்ஏஎஸ் என்னும் ஃப்ளூரின் சேர்மங்களை ஒன்றும் செய்யாது. கார்பனும் ஃப்ளூரினும் கொண்ட பிணைப்பு அவ்வளவு வலுவானது. அளக்கும் பட்டியலிலேயே இல்லாத முன்னோடிச் சேர்மங்கள் சுத்திகரிப்பின்போது பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் என்னும் பிஎஃப்ஏஎஸ் வகைச் சேர்மங்களாக மாறுவதும் உண்டு. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பல ஆண்டுகள் இந்தக் கசட்டை உரம் என்று நம்பி வயலில் கொட்டினார்கள். பிறகு பண்ணைக் கிணற்று நீரிலும் மாட்டுப் பாலிலும் பிஎஃப்ஏஎஸ் இருப்பது தெரியவந்தது. 2022-இல் கசட்டையும் அதில் செய்த மட்கு உரத்தையும் நிலத்தில் இடுவதை அந்த மாநிலம் தடை செய்தது.