கோப்புப் பெயரின் நீளத்தை எழுத்தில் எண்ணாதீர்கள்

நாகர்கோவிலில் சனிக்கிழமை மாலைகளில் நிரலெழுதப் பழகும் பிள்ளைகளுக்கு உதவி செய்கிறேன். எல்லோரிடமும் இருப்பது விண்டோஸ் லேப்டாப். வேலையைக் கொண்டுபோய்ப் போடும் சர்வர் லினக்ஸ். நான் செய்த அதே தப்புகளை அவர்களும் செய்வதைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை. பெயரில் இடைவெளி விடாதே என்பதை யாரும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

255 என்றால் 255 எழுத்து என்று நினைப்பது

கோப்புப் பெயர் 255 வரை போகலாம் என்பார்கள். 255 எது? விண்டோஸ் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ் எண்ணுவது யுடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியாக்கத்தின் அலகுகளை. லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் இஎக்ஸ்டி4 எண்ணுவது பைட்டுகளை. ஆங்கிலப் பெயருக்கு இரண்டும் ஒரே கணக்கு. தமிழுக்கு அப்படியில்லை. மேலே வைக்கும் புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனிக் குறியீடுகள். ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் 3 பைட்டு பிடிக்கும்.

‘பத்மநாபபுரம்’ நம் கண்ணுக்கு 8 எழுத்து. குறியீடுகள் 12. பைட்டுகள் 36. இதை 7 முறை ஒட்டி எழுதி, கடைசியில் ஒரு புள்ளியும் மூன்று ஆங்கில எழுத்துப் பின்னொட்டும் சேர்த்தால் 256 பைட்டு. லினக்ஸ் மறுத்துவிடும். விண்டோஸுக்கு அது வெறும் 88 அலகு.

சில வருடங்களுக்கு முன் குளச்சலிலும் முட்டத்திலும் வயதான மீனவர்களிடம், காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அவர்கள் சொல்லும் பெயர்களைப் பதிவு செய்தோம். ஊர், ஆள், தேதி, பேசிய விஷயம் எல்லாவற்றையும் ஒலிக்கோப்பின் பெயராகவே தமிழில் எழுதி வைத்தேன். தேடுவதற்குச் சுலபம் என்று எண்ணம். விண்டோஸ் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் டார் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் நிரல்) கொண்டு ஒரே கோப்பாகக் கட்டி சர்வரில் பிரித்தேன். பெயர் மிக நீளம் என்று 23 கோப்புகளுக்குப் பிழை காட்டிவிட்டு, டார் மற்றவற்றைப் பிரித்துக்கொண்டே போயிருக்கிறது. திரையில் வரிகள் ஓடின, நான் பார்க்கவில்லை. லேப்டாப்பில் இடம் வேண்டுமென்று மூலத்தை அழித்தேன், அப்புறம் டார் கோப்பையும்.

ஆறு மாதம் கழித்துத் தேடியபோதுதான் தெரிந்தது. அந்த 23-இல் பேசிய பெரியவர் ஒருவர் அதற்குள் காலமாகிவிட்டார். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சலும் வருத்தமும் சேர்ந்து வருகிறது.

ஆகவே, கோப்புக்கு ஊர்ச் சுருக்கமும் எண்ணும் போதும். விவரம் பக்கத்தில் ஓர் அட்டவணையில் இருக்கட்டும். தமிழ்ப் பெயர்தான் வேண்டுமென்றால் நீளத்தைச் சரிபாருங்கள். பைத்தானில் ‘பத்மநாபபுரம்’ என்பதற்குச் சும்மா லென் (len) போட்டால் 12 என்றுதான் வரும். யுடிஎஃப்-8-க்கு என்கோட் செய்த பிறகு எண்ணினால்தான் 36 வரும். இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கை ஒத்துப்போகும்வரை எதையும் அழிக்காதீர்கள்.

முழுப் பாதையை மறப்பது

பெயர் குட்டையாக இருந்தாலும், விண்டோஸில் டிரைவ் எழுத்திலிருந்து தொடங்கும் முழுப் பாதைக்கு 260 அலகு என்ற பழைய வரம்பு உண்டு. விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் இடம்) அதைத் தளர்த்தலாம். ஆனால் நாம் ஓட்டும் நிரலும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட் (Git) கருவிக்கு கோர்.லாங்பாத்ஸ் (core.longpaths) என்ற அமைப்பு தனியாக உண்டு. டெஸ்க்டாப்பில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக வைக்காமல், சி டிரைவின் மேல்மட்டத்திலேயே சின்னப் பெயரில் வைத்துக்கொள்வது நல்லது.

கொட்டாரம் இரண்டு

கொட்டாரம் என்ற ஊர்ப் பெயரின் ‘கொ’வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. மேக் கணினியின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ்+ அதைப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு கோப்புகள். தோவாளை என்ற ஊர்ப் பெயருக்கும் இதே கதைதான்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து

லினக்ஸ் இரண்டையும் வேறாகப் பார்க்கும், விண்டோஸ் வழக்கமாக ஒன்றாகவே பார்க்கும். ஆகவே ஆங்கிலப் பெயரென்றால் எல்லாமே சிறிய எழுத்து.

கான், ஆக்ஸ், நல்

இவை (CON, AUX, NUL) விண்டோஸ் தனக்கென ஒதுக்கிக்கொண்ட பெயர்கள். லினக்ஸில் இந்தப் பெயர்களில் கோப்பு உருவாக்காதீர்கள். விண்டோஸ் நண்பரால் அந்தத் திட்டத்தை இறக்கவே முடியாமல் போகும்.