மாநிலம் முழுக்கப் பள்ளிச் சீர்திருத்தம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1996 கோடையில் கலிஃபோர்னியா அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை, வகுப்புக்கு 20 பிள்ளைகளுக்கு மேல் வைக்காத பள்ளி மாவட்டங்களுக்கு (உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகளுக்கு)ப் பிள்ளைக்கு 650 டாலர் தரப்படும். அதுவரை வகுப்பில் முப்பதை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோருக்குப் பிடித்தது, ஆசிரியர்களுக்கும் பிடித்தது, கருவூலத்தில் பணமும் இருந்தது. பள்ளி திறக்கத்தான் சில வாரங்களே பாக்கி.

கணக்குப் போட்டால் சிக்கல் தெரிந்துவிடும். 600 பிள்ளைகள், வகுப்புக்கு 30 பேர் என்றால் 20 ஆசிரியர்கள் போதும். வகுப்புக்கு 20 பேர் என்றால் 30 ஆசிரியர்கள், 30 அறைகள் வேண்டும். இருப்பவர்களில் பாதி அளவுக்குப் புது ஆட்கள், அதுவும் மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில். நூலகமும் இசை அறையும் வகுப்பறைகளாக மாறின. வசதியான புறநகர்ப் பள்ளிகள் ஆள் எடுக்கத் தொடங்கியதும், நகரத்து ஏழைப் பள்ளிகளில் இருந்த அனுபவசாலிகள் அங்கே கிளம்பினார்கள். அவர்கள் விட்டுப்போன இடங்களுக்கு முழுத் தகுதிச் சான்று இல்லாதவர்கள் வந்தார்கள். எந்தப் பிள்ளைகளுக்கு அதிகம் உதவ வேண்டுமோ, அவர்களுக்குத்தான் ஆசிரியர் மாறினார்.

இத்தனைக்கும் யோசனை கெட்டதல்ல. டென்னசியில் 1985-இல் தொடங்கிய ‘ஸ்டார்’ ஆய்வில் 79 பள்ளிகளில் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகள், 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளைவிடத் தெளிவாக முன்னேறின. ஆனால் அது 79 பள்ளிகளில் நடந்த ஆய்வு. அதற்கு வேண்டிய ஆசிரியர்கள் கிடைத்தார்கள். ஒரு மாநிலமே அதைச் செய்யும்போது ஆசிரியர் சந்தையே குலுங்கிவிடுகிறது. ஏழைப் பள்ளிகளில், முதல் வகுப்பில் மட்டும், ஓராண்டு முன்பே ஆள் எடுத்துத் தொடங்கியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

மாநிலச் சீர்திருத்தங்களில் அடிக்கடி கெடுவது இந்த வரிசைதான். எது முதலில், எது பிறகு என்பதைத் தலைநகரத்தில் இருந்துகொண்டு யாரும் பெரிதாக யோசிப்பதில்லை.

பாடம் வருமுன் தேர்வு வருவது

வரிசை தப்பியதற்கு இன்னொரு நல்ல உதாரணம் நியூயார்க். 2013-இல் புதிய பாடத்தரத்தை ஒட்டிய கடினமான தேர்வை மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வைத்தார்கள். அந்தத் தரத்துக்கு ஏற்ற பாடப்பொருள் அப்போதுதான் பகுதி பகுதியாக வந்துகொண்டிருந்தது. ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றவர்கள் ஒரே ஆண்டில் 55 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகச் சரிந்தார்கள். பிள்ளைகள் ஓராண்டில் மக்காகிவிடவில்லை, அளவுகோல்தான் மாறியது. அதே நேரத்தில் அந்த மதிப்பெண்ணை ஆசிரியர் மதிப்பீட்டிலும் சேர்த்ததால் ஆசிரியர், பெற்றோர் இருவருமே எதிரணிக்குப் போனார்கள். 2015-இல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளை தேர்வையே எழுதவில்லை.

சரியான வரிசை இது: முதல் ஆண்டு பாடப்பொருள் ஆசிரியர் கைக்குப் போகட்டும். இரண்டாம் ஆண்டு பயிற்சியோடு முழுமையாக நடத்தட்டும். அந்த ஆண்டுத் தேர்வை வைத்து முடிவை வெளியிடலாம், ஆனால் அதன்பேரில் யாருக்கும் தண்டனையோ பரிசோ வேண்டாம். மூன்றாம் ஆண்டிலிருந்துதான் விளைவுகள். பழைய தேர்வையும் புதியதையும் ஒரு மாதிரிக் குழுவுக்கு ஒருசேர வைத்து, பழைய மதிப்பெண் புதியதில் எங்கே வந்து நிற்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். செலவு கொஞ்சம்தான். அதைச் சொல்லாமல் விட்டால் முதல் முடிவு வரும் நாளிலேயே சீர்திருத்தத்தின் பெயர் கெட்டுப்போகும்.

தேர்ச்சி விகிதம் என்ற ஒற்றை எண்

25 பேர் படிக்கும் நான்காம் வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 8 பேர் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே. 6 பேர் கோட்டுக்குச் சற்றே கீழே. 11 பேர் வெகு கீழே, அவர்களில் சிலருக்கு ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்கவே வராது. தேர்ச்சி விகிதம் 32 சதவீதம். இதை உயர்த்தச் சொல்லி மேலிருந்து நெருக்குதல் வந்தால் தலைமையாசிரியர் என்ன செய்வார்? மாலை வகுப்பு, துணை ஆசிரியர், மாதிரித் தேர்வு என எல்லாவற்றையும் அந்த 6 பேர் மீது கொட்டுவார். ஆறு பேரும் தேறினால் விகிதம் 56 சதவீதம் ஆகிவிடும், பாராட்டுக் கடிதமும் வரும். அந்த 11 பேர் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். மேலே இருக்கும் 8 பேரை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தலைமையாசிரியர் மோசடி எதுவும் செய்யவில்லை. கேட்ட எண்ணைக் கொடுத்தார், அவ்வளவுதான்.

2002-இல் கையெழுத்தான ‘நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்’ என்ற அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. ஆனால் தேர்ச்சிக் கோடு எங்கே என்பதை மாநிலமே முடிவு செய்துகொள்ளலாம். கோட்டைத் தாழ்த்துவது பிள்ளைகளை உயர்த்துவதைவிட எளிது என்று பல மாநிலங்கள் கண்டுகொண்டன. அட்லாண்டாவில் விவகாரம் இன்னும் முற்றியது. விடைத்தாள்களில் தவறான விடைகளை அழித்துத் திருத்தியதாக, 2011-இல் வந்த அரசு விசாரணை அறிக்கை 178 பேரைக் குறிப்பிட்டது.

இதற்கு மூன்று காப்புகள் உண்டு. தேர்ச்சி விகிதத்தோடு சராசரி மதிப்பெண்ணையும், அடிமட்டக் கால்பகுதிப் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் சேர்த்தே வெளியிடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் போன ஆண்டு இருந்த இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். மூன்றாவது, பள்ளிக்கு லாபமோ நட்டமோ இல்லாத வெளித்தேர்வு ஒன்றோடு ஒப்பிடுங்கள். அமெரிக்காவில் அதற்கு ‘நேப்’ இருக்கிறது. நாடு முழுக்க மாதிரிக் குழுவுக்கு மட்டும் நடப்பதால், அதற்கென யாரும் பிள்ளைகளைத் தயார்செய்ய முடியாது. 1990-களில் கென்டக்கியின் சொந்தத் தேர்வில் மதிப்பெண்கள் மளமளவென ஏறின, ‘நேப்’பில் அந்த ஏற்றத்தைக் காணோம். ஏறியதில் பெரும்பகுதி அந்தக் குறிப்பிட்ட தேர்வுக்கான பழக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது.

சிறு பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும் ஆசையையும் அடக்க வேண்டும். 20 பேர் படிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் 5 சதவீதம் போய்விடும். மூன்றாண்டுச் சராசரி இல்லாமல் அந்த எண்ணைத் தொடவே கூடாது.

ஆசிரியரை மதிப்பிட்டுத் தரத்தை உயர்த்தலாம் என்ற நம்பிக்கை

2009-க்குப் பிறகு, ‘ரேஸ் டு தி டாப்’ என்ற கூட்டரசு மானியத் திட்டத்தின் 435 கோடி டாலரை எதிர்பார்த்துப் பல மாநிலங்கள் ஆசிரியர் மதிப்பீட்டுச் சட்டங்களை அவசரமாக நிறைவேற்றின. கையெழுத்துப் போட்டவர்கள் தலைமையாசிரியரின் நேரத்தைக் கணக்குப் பார்த்தார்களா தெரியவில்லை. 30 ஆசிரியர்கள், ஆளுக்கு ஆண்டுக்கு 4 வகுப்பு உற்றுநோக்கல். முன்கலந்துரையாடல், வகுப்பில் உட்காருவது, படிவம் நிரப்புவது, பின்கலந்துரையாடல் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 3 மணி நேரம் என்றால் மொத்தம் 360 மணி நேரம், அதாவது 45 முழு வேலைநாட்கள். 180 நாள் பள்ளி ஆண்டில் கால்பங்கு போய்விட்டது. பிறகு என்ன நடக்கும்? படிவம் மட்டும் நிரம்பும். எல்லோருக்கும் ‘நன்று’ விழும்.

மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரின் பங்கைப் பிரித்தெடுக்கும் கணக்கிலும் பிழை அதிகம். மூன்றாண்டுத் தரவு இருந்தாலும் ஏறத்தாழ நான்கில் ஒரு ஆசிரியர் தவறான இடத்தில் போய் விழ வாய்ப்புண்டு என்று 2010-இல் அமெரிக்கக் கல்வித்துறைக்காகச் செய்த ஆய்வு கணித்தது. மாநில அளவில் போக்கு பார்க்க அந்தக் கணக்கு உதவும். ஒருவர் வேலையை அதன்மேல் முடிவுசெய்யக் கூடாது.

ஊக்கத்தொகையின் கதையும் இதே ரகம். நாஷ்வில்லில் மூன்றாண்டுகள், நடுநிலைப்பள்ளிக் கணித ஆசிரியர்களுக்கு மாணவர் முன்னேற்றத்தின் பேரில் 15,000 டாலர் வரை தருவதாகச் சொல்லிக் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். மொத்தத்தில் மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லை. எப்படிக் கற்பிப்பது என்று தெரியாத இடத்தில் பணம் வழிகாட்டாது. கடினமான பள்ளிக்கு நல்ல ஆசிரியரை வரவழைக்கவும், வந்தவரைத் தக்கவைக்கவும் பணம் உதவும். அது வேறு செலவு, அதைத் தாராளமாகச் செய்யலாம்.

ஒருநாள் பயிலரங்கும் அதன் பிறகு வரும் மௌனமும்

மண்டபத்தில் 200 ஆசிரியர்கள், திரையில் 80 ஸ்லைடு, மாலையில் சான்றிதழ். மறுநாள் வகுப்பில் எதுவும் மாறியிருக்காது. தலைநகரத்தில் பயிற்சி பெற்றவர் மாவட்டத்துக்கும், மாவட்டத்தார் பள்ளிக்கும் சொல்லிக்கொடுக்கும் அடுக்குமுறையில் ஒவ்வொரு படியிலும் பாலில் தண்ணீர் சேரும்.

என்ன மாற வேண்டும் என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். முதல் வகுப்பு ஆங்கில வாசிப்பு. பக்கத்தில் வீட்டின் படம், கீழே ‘ஹவுஸ்’ என்ற சொல். பிள்ளை படத்தையும் முதல் எழுத்தையும் பார்த்து ‘ஹோம்’ என்கிறது. பொருள் சரிதானே என்று தலையாட்டிவிட்டுப் போகிறார் ஆசிரியர். பிள்ளை கற்றுக்கொண்டது ஊகிப்பதை. படமில்லாத பக்கம் வரும் மூன்றாம் வகுப்பில் அது திணறும். ஒலிவழி வாசிப்பு தெரிந்த ஆசிரியர் அங்கேயே நிறுத்துவார். நடுவில் உள்ள எழுத்துகளில் விரலை வைத்து, அவை சேர்ந்து என்ன ஒலி தரும், அடுத்து வரும் ‘எஸ்’ எழுத்துக்கு என்ன ஒலி என்று கேட்டு, பிள்ளையே சேர்த்துச் சொல்லும்வரை காத்திருப்பார். பத்து நொடி வேலை. இந்தப் பழக்கம் ஸ்லைடு பார்த்து வராது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, செய்து காட்டி, மறுநாள் செய்யவைத்து, அடுத்த வாரம் திரும்ப வந்து பார்த்தால்தான் வரும்.

மிசிசிப்பி 2013-இல் வாசிப்புச் சட்டம் கொண்டுவந்தபோது இதைச் செய்தது. ஆசிரியர்களுக்கு வாசிப்பு அறிவியலில் நீண்ட பயிற்சி, மிகப் பின்தங்கிய பள்ளிகளுக்கு மாநிலமே அனுப்பிய வாசிப்புப் பயிற்றுநர்கள், சின்ன வகுப்புகளில் ஆண்டுக்குப் பலமுறை வாசிப்புச் சோதனை. மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்க வராதவர்களை மேலே அனுப்பாமல் நிறுத்தும் விதியும் இருந்தது. நான்காம் வகுப்பு வாசிப்பில் ‘நேப்’ மதிப்பெண் 2013-இல் 209, 2019-இல் 219. நாட்டுச் சராசரியை எட்டிப் பிடித்துவிட்டது.

இதைப் பார்த்துப் படியெடுக்கும் மாநிலங்கள் செய்யும் தவறு, நிறுத்திவைக்கும் விதியை மட்டும் எடுத்துக்கொள்வது. அதற்கு உடனடியாகக் காசு செலவில்லை, சட்டமன்றத்தில் கண்டிப்பாகவும் ஒலிக்கும். பயிற்றுநருக்குத்தான் சம்பளம் தர வேண்டும். உதவி இல்லாமல் நிறுத்தப்பட்ட பிள்ளை, போன ஆண்டு புரியாத அதே பாடத்தை அதே முறையில் இன்னொரு முறை கேட்கும். நிறுத்திவைப்பதால் நான்காம் வகுப்பு வாசிப்பு மதிப்பெண் நன்றாகத் தெரிய வாய்ப்பு உண்டு என்ற விமர்சனமும் இருக்கிறது. அதனால் எத்தனை பேர் நிறுத்தப்பட்டார்கள் என்ற எண்ணையும் பக்கத்திலேயே வெளியிடுங்கள். மிசிசிப்பியின் எட்டாம் வகுப்பு வாசிப்பில் அதே ஏற்றம் வரவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சொற்களை வாசிக்க வந்த பிறகு சொல்வளமும் உலக அறிவும் தேவை, அதற்குத் தனிப் பாடத்திட்டம் வேண்டும்.

பயிற்றுநரை வைத்துக்கொண்டே வீணாக்கும் வழிகளும் பல. ஒருவருக்கு ஆறு பள்ளிகள் கொடுத்தால் பாதி நேரம் காரில் போகும். இரண்டுக்கு மேல் வேண்டாம். விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பெடுக்கவும், அலுவலகப் புள்ளிவிவரம் சேர்க்கவும் அவரைப் பிடித்துப்போடக் கூடாது என்று நியமன ஆணையிலேயே எழுதிவிடுங்கள். ஆசிரியரின் மதிப்பீட்டில் அவருக்குப் பங்கு இருக்கவே கூடாது. இருந்தால், வராததை வராது என்று எந்த ஆசிரியரும் அவரிடம் சொல்ல மாட்டார். எண்ணிக்கையிலும் நிதானம் வேண்டும். 60 ஆய்வுகளைத் தொகுத்த 2018-ஆம் ஆண்டு ஆய்வின்படி, இத்தகைய பயிற்றுநர் முறை கற்பித்தலை நன்றாகவே மேம்படுத்துகிறது, ஆனால் திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் குறைகிறது. நல்ல பயிற்றுநர் கிடைப்பது நல்ல ஆசிரியர் கிடைப்பதைவிட அரிது. கிடைத்த அளவுக்குப் பள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள், பள்ளிகளின் எண்ணிக்கைக்காக ஆளை நிரப்பாதீர்கள்.

நலிந்த பள்ளிகளைக் கையகப்படுத்துவது

டென்னசி இதையும் முயன்று பார்த்தது. கடைசி 5 சதவீதத்தில் இருந்த பள்ளிகளைத் தனி மாநில மாவட்டமாக்கி, 5 ஆண்டுகளில் முதல் 25 சதவீதத்துக்குக் கொண்டுவருவதாக 2012-இல் தொடங்கினார்கள். நடக்கவில்லை. நிர்வாகம் மாறியதும் ஆசிரியர்கள் கூண்டோடு மாறினார்கள், ஆண்டுதோறும் மாறிக்கொண்டே இருந்தார்கள். அதே மெம்ஃபிஸ் நகரில் உள்ளூர் மாவட்டமே நடத்திய மீட்புப் பள்ளிகள் மேலாகச் செய்தன. தேர்ந்த தலைமையாசிரியர், கூடுதல் சம்பளத்தில் அனுபவமுள்ள ஆசிரியர்கள், நீண்ட பள்ளி நேரம், இவைதான் அங்கே இருந்தவை. அந்த ஆசிரியர்களை இழந்த பள்ளிகள் என்ன ஆயின என்பதையும் திட்டத்தின் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒருமுறைப் பணத்தில் நிரந்தர வேலை

பெருந்தொற்று நிவாரணமாக அமெரிக்கப் பள்ளிகளுக்கு வந்த கூட்டரசுப் பணம் ஏறத்தாழ 19,000 கோடி டாலர். கடைசித் தவணையை 2024 செப்டம்பருக்குள் ஒப்பந்தமாக்கிவிட வேண்டும் என்பது விதியாக இருந்தது. அதில் பயிற்றுநர்களையும் துணை ஆசிரியர்களையும் நியமித்த மாவட்டங்களுக்கு, அவர்கள் வேலை கற்றுத் தேறும் நேரத்தில் பணம் தீர்ந்தது. ஒருமுறை வரும் பணத்தைப் பாடப்பொருள் வாங்க, முதல்கட்டப் பயிற்சி கொடுக்க, சோதனைக் கருவிகள் உருவாக்கச் செலவிடுங்கள். ஆளுக்கான சம்பளத்தை மட்டும், பயிற்றுநர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலும் பரவாயில்லை என்று, ஆண்டுதோறும் வரும் மாநில வரவு செலவுத் திட்டத்தில் முதல் ஆண்டிலேயே வைத்துவிடுங்கள்.