250 பவுண்டில் ரேஸ் கார்? லோகாஸ்ட் கட்டுபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

1957ல் காலின் சாப்மன் வெளியிட்ட லோட்டஸ் செவன் காரில் தேவையில்லாதது எதுவுமே கிடையாது. ஒழுங்கான கதவு இல்லை, கூரை என்று பெயருக்கு ஒரு துணி, இரண்டு பேர் தோள் இடிக்க உட்காரலாம். பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொண்டால் அந்தக் கால பிரிட்டனில் வரியும் மிச்சம். கிளப் பந்தயங்களில் அதைவிடப் பெரிய கார்களையெல்லாம் திணறடித்த வண்டி அது. 1973ல் தயாரிப்பு உரிமை கேட்டர்ஹாம் கைக்குப் போனது. புது கேட்டர்ஹாம் வாங்க வசதியில்லாத பிரிட்டிஷ்காரர்கள் அதே சாயலில் ஒன்றைத் தங்கள் கராஜிலேயே கட்டிக்கொள்கிறார்கள். அதற்குப் பெயர் லோகாஸ்ட். அவுண்டில் பள்ளியில் மாணவர்களை வைத்து இப்படிக் கார் கட்டிய ரான் சாம்பியன் 1996ல் எழுதிய கையேட்டிலிருந்து பரவியது இது. 250 பவுண்டில் கட்டலாம் என்று அதன் தலைப்பே சொன்னது.

அந்த 250ஐ இன்றும் நம்புவதுதான் முதல் தவறு. அவர் கணக்குப் போட்ட காலத்தில், எஞ்சின் போன்ற பாகங்களைக் கழற்றிக்கொள்ள அவர் சொன்ன பழைய கார் ஃபோர்டு எஸ்கார்ட் மார்க் 2 காயலான் கடைச் சரக்கு. இன்று அதே எஸ்கார்ட் சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்கும் வண்டி. வெறும் கூடுகூட ஆயிரக்கணக்கில் போகிறது. டயர், பிரேக் பைப், நட்டு போல்ட், கண்ணாடியிழை மூக்கு, பெயிண்ட், சோதனைக் கட்டணம் என்று சில்லறைச் செலவுகள் வேறு. சில ஆயிரம் பவுண்டாவது ஒதுக்கிவிட்டு இறங்குவது நல்லது. ஆனால் பட்ஜெட்டைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பாகங்களின் விலை இல்லை. ஒரு முறை செய்ததைப் பிரித்து மறுபடி செய்வதுதான். குழாயை அறுக்கும் முன்பே எடுத்திருக்க வேண்டிய முடிவை அறுத்த பிறகு எடுத்தால் அப்படித்தான் ஆகும்.

எந்த வண்டியிலிருந்து பாகங்கள் எடுப்பது என்பது அப்படிப்பட்ட முடிவு. எஸ்கார்ட்டுக்குப் போட்ட வரைபடத்தை வைத்துச் சேஸியை, அதாவது காரின் இரும்புச் சட்டகத்தை, முடித்துவிட்டு, மலிவாகக் கிடைத்தது என்று மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கி வந்து நிற்பவர்கள் உண்டு. இரண்டின் அகலமும் வேறு. எஸ்கார்ட்டின் பின்பக்கம் ஒரே கட்டையான ஆக்சில். எம்எக்ஸ்-5ல் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். எதுவும் எதிலும் பொருந்தாது. எம்எக்ஸ்-5 பாகங்களுக்கென்றே தனி வரைபடங்கள் இருக்கின்றன. என்னைக் கேட்டால் இன்று அதுதான் சரியான தேர்வு. அந்தக் காரில் துரு முதலில் தின்பது கதவுக்குக் கீழே உள்ள பகுதியை. எஞ்சினும் கியர்பாக்ஸும் நல்ல நிலையில் இருக்கும்போதே பாடி செத்துவிடும். ஓடும் நிலையில் வாங்குங்கள், ஓட்டிப் பாருங்கள், கியர் முனகுகிறதா என்று கேட்டுவிட்டுப் பிரியுங்கள். மிஞ்சும் சீட், கதவு, கூரையை விற்றால் கொடுத்த பணத்தில் கணிசமான பங்கு திரும்பி வரும். ஒயரிங்கை மட்டும் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். கழற்றும் முன் ஒவ்வொரு கனெக்டரிலும் சீட்டு ஒட்டுங்கள். எஞ்சினைத் தரையில் வைத்து அதே ஒயரிங்கில் ஓடவிட்டுப் பார்த்த பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது வெல்டிங். சேஸிக்கு 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 1.6 மில்லிமீட்டர் தடிமன். பலம் வேண்டும் என்று தடிமனைக் கூட்டுவது வீண், எடைதான் ஏறும். குழாய்கள் முக்கோணங்களாகச் சேர்வதில்தான் விறைப்பு வருகிறது. அதனால் குறுக்குக் குழாய் ஒன்றை 'இடைஞ்சலாக இருக்கிறது' என்று விட்டுவிடுவது மெல்லிய குழாய் போடுவதைவிட மோசம். குழாய்கள் சேரும் ஒரு மூட்டில் முழுவதுமாக வெல்டு செய்து முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால், சூடு ஆறும்போது இரும்பு அந்தப் பக்கமாக இழுக்கும். சேஸி வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். முதலில் சட்டகம் மொத்தத்தையும் சமதளமான பலகையில் இறுக்கிப் பிடித்துப் பொட்டுப் பொட்டாக மட்டும் பற்றவையுங்கள். மூலைக்கு மூலை டேப் பிடித்து, இரண்டு மூலைவிட்டங்களும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். அப்புறம் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று எதிரெதிர் மூட்டுகளாக மாற்றி மாற்றி முடியுங்கள். வெல்டிங் புதிதாகக் கற்பவர் என்றால் சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் கையான விஷ்போனை ரெடிமேடாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

பார்வைக்குத் தெரியாமல் ஓட்டும்போது உயிரை எடுக்கும் தவறு ஸ்டியரிங் ரேக்கின் உயரத்தில் இருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல்சட்டம்தான் ரேக். பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது விஷ்போன் ஒரு வளைவிலும், ஸ்டியரிங் கம்பி இன்னொரு வளைவிலும் நகரும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடாமலேயே சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பும். நேர் ரோட்டிலேயே வண்டி அலையும். ரேக்கைத் தாங்கும் பிராக்கெட்டை நிரந்தரமாக வெல்டு செய்யும் முன் ஒரு சோதனை போதும். ஸ்பிரிங்கை மாட்டாமல், சக்கரம் மாட்டும் ஹப்பில் நீளமான நேர்க்கம்பு ஒன்றைக் கட்டுங்கள். அதன் நுனி எதிரே ஒரு அட்டையை நிறுத்தி, ஜாக்கியால் ஹப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, நுனி நிற்கும் இடத்தையெல்லாம் பென்சிலால் குறியுங்கள். புள்ளிகள் செங்குத்தாக விழுந்தால் சரி. சாய்ந்தோ வளைந்தோ போனால் ரேக்கை ஏற்றியோ இறக்கியோ மறுபடி பாருங்கள். ஒரு மாலை வேலைதான், ஆனால் இதைச் செய்யாதவர்களே அதிகம்.

பெயிண்ட் விஷயத்தில் அவசரம் கூடாது. வெறும் இரும்பிலேயே வண்டி முழுவதையும் ஒரு முறை பூட்டிப் பாருங்கள். உங்கள் ஷூவோடு உட்கார்ந்து மூன்று பெடலையும் மிதித்துப் பாருங்கள். உயரமானவர்களுக்கு மூல வரைபடத்தில் கால் வைக்கும் இடம் போதாது. எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி (சம்ப்) சேஸிக்குக் கீழே தொங்குகிறதா என்றும் கவனியுங்கள். தொங்கினால் முதல் வேகத்தடையிலேயே போய்விடும். அதை வெட்டிக் குறுக்க வேண்டிவரும். எல்லா பிராக்கெட்டும் வைத்து முடித்த பிறகுதான் பிரித்துப் பெயிண்டுக்குக் கொடுக்க வேண்டும்.

இப்போது ஐவிஏ, அதாவது தனி வாகன ஒப்புதல் சோதனை. பிரிட்டனில் தனியார் கட்டிய கார் ரோட்டுக்கு வர வேண்டுமானால் இந்தச் சோதனையில் தேற வேண்டும். பலர் வண்டியை முடித்துவிட்டுத்தான் விதிப்புத்தகத்தைத் திறக்கிறார்கள். முதல் நாளே படிக்க வேண்டியது அது. வெளியே தொடக்கூடிய விளிம்புகளுக்கு 2.5 மில்லிமீட்டர் வளைவாவது வேண்டும். இந்தக் காரில் முன் சஸ்பென்ஷன் முழுக்க வெளியே தெரியும் என்பதால் நட்டுக்கு மூடி, தகட்டு ஓரத்துக்கு ரப்பர் என்று நீண்ட வேலை. திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பி வர முயல வேண்டும். இதில் தோற்கும் லோகாஸ்ட்கள் நிறைய. முன் சஸ்பென்ஷனின் சாய்வுக் கோணம் குறைந்துபோவதுதான் பெரும்பாலும் காரணம். பிரேக்கை அழுத்திப் பிடித்தால் பின் சக்கரம் சுழலாமல் நிற்கும் முன்பே முன் சக்கரம் நின்றுவிட வேண்டும். பாகம் கொடுத்த காரைவிட இது பல நூறு கிலோ இலேசு என்பதால் அதன் பிரேக்கும் ஸ்பிரிங்கும் அப்படியே ஒத்துவரும் என்று நினைக்கக் கூடாது.

ரேஸுக்கா ரோட்டுக்கா என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். 750 மோட்டார் கிளப் லோகாஸ்ட்களுக்கென்றே பந்தயத் தொடர் நடத்துகிறது; அதற்கு 1300 சிசி ஃபோர்டு எஞ்சின், வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் ரோல்கேஜ் கூண்டு என்று தனி விதிகள். இரண்டுக்கும் பொதுவாகக் கட்டப் போய் எதற்கும் ஆகாமல் நிற்பவை உண்டு.

யாரோ பாதியில் விட்டதை வாங்குவது மலிவான வழிதான். டேப்பை எடுத்துப் போய் அந்த இரண்டு மூலைவிட்டங்களையும் நீங்களே அளந்து பாருங்கள். வெல்டு தெரியாதபடி பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். பாகம் எடுத்த காரின் பதிவுப் பத்திரம், ரசீதுகள், கட்டும்போது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் கேளுங்கள். பதிவு செய்யப் போகும்போது அதிகாரிகள் அவற்றைத்தான் கேட்பார்கள். காகிதம் எதுவும் இல்லை என்றால் உதிரி பாகங்களின் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.