ஃபில்டரைத் தேதி பார்த்து மாற்றாதீர்கள்

சென்னையில் மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்த சாலையை ஒட்டிய ஓர் அலுவலகக் கட்டடத்தில் பராமரிப்பு வேலை பார்த்தேன். ஏஎச்யூ என்பது சென்ட்ரல் ஏசியில் காற்றை வடிகட்டிக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் யூனிட். மாதத்தின் முதல் சனிக்கிழமை எல்லா ஏஎச்யூ ஃபில்டரையும் கழற்றிக் கழுவுவோம். சாலைப் பக்கத்திலிருந்து காற்றை இழுக்கும் யூனிட்டில் பத்தே நாளில் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். பின்பக்கத்து யூனிட் இரண்டு மாதம் தாங்கும். ஆனால் இரண்டுக்கும் ஒரே தேதி. போகிப் புகை சூழ்ந்த வாரத்திலும் அதே தேதிதான்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதும் இதே போன்ற தவறு. கறுத்த ஃபில்டரிலும் காற்று நன்றாகப் போகலாம். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் டிபி கேஜைத்தான் நம்ப வேண்டும். புது ஃபில்டர் போட்ட அன்று என்ன காட்டியது, தயாரிப்பாளர் மாற்றச் சொல்லும் கடைசி அளவு என்ன, இன்று எங்கே நிற்கிறது என்ற மூன்றும் தெரிந்தால் போதும். பல பிளான்ட் ரூம்களில் கேஜ் இருக்கிறது, அதன் ரப்பர் டியூப் மட்டும் கழன்று தொங்குகிறது!

அடைப்புக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 10,000 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 10,000 கன அடி) ஏஎச்யூ என்றால் நொடிக்குச் சுமார் 4.7 கன மீட்டர் காற்று. ஃபில்டரில் 150 பாஸ்கல் அழுத்தம் கூடுதலாக ஏறியிருக்கிறது, ஃபேன் மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி அந்த வேகத்தைக் கூட்டி அதே காற்றைத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபேனும் மோட்டாரும் சேர்ந்து 60 சதவீதத் திறனில் ஓடினால் ஏறத்தாழ 1.2 கிலோவாட் கூடுதல் செலவு. நாளுக்கு 12 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் இதே நிலை நீடித்தால் 4,200 யூனிட் மின்சாரத்துக்கு மேல் போகும். இது ஒரே ஒரு ஏஎச்யூவுக்கு. ஃபேன் தரும் அந்தச் சூடும் காற்றிலேயே சேர்வதால், அதையும் ஏஎச்யூவுக்குக் குளிர்ந்த தண்ணீர் அனுப்பும் சில்லர்தான் எடுக்க வேண்டும்.

விஎஃப்டி இல்லாத பழைய யூனிட்டில் நாம் ஏமாறுவது வேறு விதம். அடைப்பு கூடக் கூடக் காற்று குறையும், பெரும்பாலும் மோட்டாரின் ஆம்பியரும் இறங்கும். லாக் புக்கைப் பார்ப்பவர் மின்சாரம் மிச்சமாகிறது என்று நினைப்பார். மாடியில் இருப்பவர்கள் புழுக்கம் என்பார்கள். உடனே சில்லரின் தண்ணீர் வெப்பநிலையை ஒரு டிகிரி இறக்குவார்கள். அந்த ஒரு டிகிரிக்கே சில்லர் சுமார் 2 முதல் 3 சதவீதம் அதிக மின்சாரம் இழுக்கும். சில்லர் தண்ணீர் இல்லாமல் கேஸிலேயே குளிர்விக்கும் டக்டபிள் ஏசியாக இருந்தால், காற்றுப் போதாமல் அதைக் குளிர்விக்கும் காயிலில் ஐஸ் கட்டிவிடும்.

என்னை மிகவும் வருத்தும் தவறு, ஃபில்டரைக் கழற்றிக் கழுவப் போட்டுவிட்டு, அது காயும் வரை வெறுமனே ப்ளோயரை ஓட்டுவது. "அரை மணி நேரம்தானே சார்" என்பார்கள். காயில் ஈரமாக இருக்கும். வரும் தூசி அதன் இடுக்குகளில் சேறாக ஒட்டும். நாலு, ஆறு வரிசை ஆழமுள்ள காயிலின் நடுவில் போய் அடைந்த சேற்றை எடுப்பது லேசான வேலை இல்லை. ஒவ்வொரு அளவிலும் ஒரு ஸ்பேர் செட் வாங்கி வையுங்கள். காயாமல் ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை வாடை அடிக்கும், அதுவும் வேண்டாம். பிரஷர் ஜெட்டை ஒட்டிப் பிடித்து அடித்தால் பஞ்சு விலகி ஓட்டை விழும். பெரிய தூசியை முதலில் பிடிக்கும், கழுவக்கூடிய ப்ரீ ஃபில்டர் எது, தூக்கிப் போட வேண்டியது எது என்று பையன்களுக்கு ஒருமுறை காட்டிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், இடைவெளி. ஃபிரேமுக்கும் ஃபில்டருக்கும் நடுவே விரல் போகும் அளவு சந்து இருந்தால் காற்று அந்த வழியாகவே ஓடும். கேஜும் நல்ல அளவையே காட்டும். இடைவெளியை அடைக்கும் கேஸ்கட் பட்டை, கிளிப் இரண்டையும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ஃபிரேமில் அச்சிட்ட அம்புக்குறி காற்று போகும் திசையில் இருக்கட்டும்.

கொரோனா சமயத்தில், நுண்ணிய தூசியையும் பிடிக்கும் மெர்வ் 13 தர ஃபில்டருக்குப் பல கட்டடங்கள் மாறின. நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தக் கூடுதல் அழுத்தத்தை ஃபேன் தாங்குமா என்று பார்க்காமல் மாட்டிய இடங்களில் காற்று குறைந்தது. ஆழமான மடிப்பு கொண்ட, அதிகப் பரப்புள்ள ஃபில்டருக்கு இடம் இருந்தால் அதை வாங்குவது நல்லது.

கேஜ் ரீடிங் எழுதும்போது விஎஃப்டி எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். காலையில் 30 ஹெர்ட்ஸில் எடுத்த அளவு, அடைத்த ஃபில்டரையும் புதிது போலக் காட்டும். மதியம் லோடு ஏறி 45 ஹெர்ட்ஸில் ஓடும்போது மறுபடி பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும்.